அழுகிற வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

அவனியாபுரம், வில்லாபுரம், பெருங்குடி வட்டாரத்தில் ஜெபக்குழுக்களிலும் அன்பியங்களிலும் இருந்துகொண்டு, நோயாளிகளையும் துக்க வீட்டாரையும் சந்திக்கப் போகிற சகோதர சகோதரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பானவர்களே,



முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஒரு வீட்டில் யாராவது படுத்துவிட்டால், சொந்தக்காரர் வந்து சேருமுன் நீங்கள் வந்துவிடுகிறீர்கள். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு, ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஜெபிக்க வருகிற தங்கைகளை எனக்குத் தெரியும். சித்தாள் வேலைக்குப் போகிற ஓர் அக்கா, பெரியாஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகும்போதெல்லாம் தன் கூலியில் ஒரு ரொட்டிப் பாக்கெட் வாங்காமல் போக மாட்டார். இத்தனை வீட்டுப் படி ஏற ஓர் ஆயரால் முடியாது, ஃபாதராலும் முடியாது. நீங்கள் ஏறுகிறீர்கள்.

அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் வந்து போன பிறகு சில வீடுகளில் துக்கம் கூடிவிடுகிறது. வந்ததில் குற்றமில்லை. அங்கே சொல்லிவிட்டு வந்த பேச்சுதான் காரணம். "விசுவாசம் பத்தலக்கா." "அறிக்கை பண்ணாத பாவம் ஏதோ இந்த வீட்டுல இருக்கு, யோசிச்சுப் பாருங்க." "அழாதீங்க, அழுதா சாட்சி கெட்டுப்போகும்." இந்த மூன்றையும் வெவ்வேறு வீடுகளில், வெவ்வேறு சபைக்காரர் வாயால் கேட்டிருக்கிறேன். நல்ல மனதோடு சொன்னவர்கள்தான் எல்லாரும். ஆனால் மூன்றுமே வேதத்துக்கு விரோதமானவை என்பது என் வழக்கு. ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

முதலாவது, விசுவாசம் பத்தவில்லை என்ற பேச்சு.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. நீண்ட நாள் சர்க்கரை. இடது பாதத்தில் ஆறாத புண். வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்களில் ஒருவர், ஊசி போட்டுக்கொண்டே சுகம் கேட்டால் அது அரை விசுவாசம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் பார்க்கப் போன அன்று, தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தபோது கதவுத் தட்டில் மல்லித்தழைக் கட்டுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவே இன்சுலின் குப்பிகள் பிரிக்காமல் இருந்தன. கேட்டதற்கு, "போட்டா ஆண்டவர நம்பலன்னு ஆயிருமாம்ல தம்பி" என்றார். பிறகு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஆபரேஷன் முடிந்து வீடு வந்தவரைப் பார்க்க அதே குழு வந்தது. முழு மனதோடு நம்பியிருந்தால் இது நடந்திருக்காது என்று அப்போதும் சொன்னார்கள். அந்த அம்மாவுக்கு அவர்கள்மேல் கோபமே இல்லை. என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "நான் எதுல கொறஞ்சு போனேன்னு ஆண்டவர் எப்ப தம்பி சொல்லுவாரு?"

அவரை இந்தக் கேள்வியோடு விட்டுவிட்டு வருவதற்கா நாம் போகிறோம்?

பவுலைப் பாருங்கள். எத்தனையோ பேரைச் சுகமாக்கியவர். தன் சரீரத்தில் இருந்த ஒரு முள் நீங்க மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை. தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் நோயாளியாகவே விட்டுவிட்டு வந்ததாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அடிக்கடி வயிற்றுக் கோளாறால் அவதிப்பட்ட தீமோத்தேயுவுக்கு அவர் சொன்னது வெறும் தண்ணீரை விட்டுக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்ற கைவைத்தியம். உனக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்லவில்லை. அவர் கூடவே பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். இவையெல்லாம் நம் கையில் இருக்கிற வேதாகமத்தில்தான் இருக்கின்றன. மைக் பிடித்து யாரும் வாசிப்பதில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்துச் சீமையிலேயே ஒரு சாட்சி உண்டு. திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஆமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் ஆதரவற்ற குழந்தைகளை எடுத்து வளர்த்தார். 1931இல் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள், 1951 ஜனவரி 18 அன்று கண் மூடும்வரை, பெரும்பாலும் தன் அறையிலும் கட்டிலிலுமே இருந்தார். அந்த வளாகம் முழுக்க அவருக்காக ஜெபித்தது. எத்தனை நூறு குழந்தைகள் அவருக்காகக் கை கூப்பியிருப்பார்கள்! சுகம் வரவில்லை. அவரும் ஊழியத்தை விடவில்லை. படுக்கையிலிருந்தே ஒரு டஜனுக்கும் மேற்பட்ட புத்தகங்களை எழுதினார், குழந்தைகளுக்கும் உடன் ஊழியருக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். தன் கல்லறைக்கு நடுகல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து அதில் அம்மா என்பதை மட்டும் பொறித்தார்கள். டோனாவூர் அம்மாவுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும்? அவருக்குச் சொல்ல முடியாததை அவனியாபுரத்து அம்மாவுக்கு மட்டும் ஏன் சொல்கிறோம்?

இரண்டாவது, வீட்டில் பாவம் இருக்கிறது என்ற பேச்சு.

தை முதல் நாள் நம் ஊர் ஜல்லிக்கட்டுக்கு உலகமே வந்து நிற்கிறது. வாடிவாசலில் ஒரு பையனை மாடு குத்திவிட்டால், உன் வீட்டில் யார் என்ன பாவம் செய்தார்கள் என்று அவனிடம் எவரும் கேட்பதில்லை. துண்டைக் கட்டி ரத்தத்தை நிறுத்தி, முதலுதவிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, தாங்காது என்றால் 108இல் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். மாட்டுக்குக் காட்டுகிற இந்தப் புத்தியைக் கேன்சருக்கும் கடனுக்கும் காட்டினால் போதும்.

இயேசுவின் காலத்தில் எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் ஊரில் மற்றவரைவிடப் பெரிய பாவிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று இயேசு கேட்டார். இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். அவர்களைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டு அவரவர் மனந்திரும்புங்கள் என்று பேச்சைக் கேட்டவர்கள் பக்கமே திருப்பிவிட்டார். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது இவன் பாவமா, பெற்றவர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோதும் இரண்டும் இல்லை என்றார். நாம் வீடு வீடாகப் போய்க் கேட்கிற கேள்வியை அன்றைக்கே கேட்டு, அன்றைக்கே பதில் வாங்கியாகிவிட்டது.

2019 ஏப்ரல் 18ஆம் தேதியை மதுரைக்காரர் மறக்க முடியாது. சித்திரைத் தேரோட்டம், நாடாளுமன்றத் தேர்தல், நமக்குப் பெரிய வியாழன், மூன்றும் ஒரே நாளில் வந்தன. மாசி வீதியில் தேர் ஓட, வாக்குப்பதிவுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அன்று மாலை ஆராதனைக்குப் போனோம். மூன்றாம் நாள், உயிர்த்தெழுதல் ஞாயிறு காலை, இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். மட்டக்களப்பில் ஞாயிறு பள்ளியை முடித்துவிட்டு வெளியில் நின்ற குழந்தைகள் செத்தார்கள். பண்டிகைக்குப் புதுச்சட்டை போட்டு வந்த பிள்ளைகள். அவர்கள் வீடுகளில் எந்த அறிக்கை பண்ணாத பாவத்தைத் தேடுவீர்கள்?

வேளாங்கண்ணியையும் சொல்ல வேண்டும். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கோவிலுக்குள் பூசையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், கடல் தண்ணீர் ஆலயத்துக்குள் வரவில்லை. அந்தச் சாட்சியை இன்றும் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே காலையில் கடற்கரையில் இருந்த பக்தர்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். அவர்களும் அதே மாதாவைப் பார்க்க வந்தவர்கள், நேர்ச்சை செலுத்தியவர்கள், மொட்டை போட்ட பிள்ளையைக் கையில் பிடித்திருந்தவர்கள். பிழைத்தவரைக் கடவுள் காப்பாற்றினார் என்று ஒருவர் மேடையில் சொல்லும்போது, கரையில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்ற நினைப்பு சொல்கிறவருக்கு வேண்டும். சாட்சியை நிறுத்த வேண்டியதில்லை, குரலைக் கொஞ்சம் இறக்கிச் சொன்னால் போதும்.

மூன்றாவது, அழாதே என்ற பேச்சு.

நம் பக்கம் எழவு வீட்டுக்குப் போவதைத் துட்டிக்குப் போவது என்கிறோம், கேதம் கேட்பது என்கிறோம். கிராமத்துக் கிழவிகள் ஒப்பாரி வைத்தால் கல்லும் கரையும். செத்தவன் குணம், விட்டுப்போன கடன், சாமிமேல் இருக்கிற கோபம், எல்லாம் அதில் வந்துவிடும். வேதத்துக்கு வந்த பிறகு நம்மில் பலர் ஒப்பாரியை விட்டோம். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதைக் காரணமாகக் காட்டினோம். அவர் சொன்னது நம்பிக்கையே இல்லாதவர்களைப் போலத் துக்கப்படாதிருக்க வேண்டும் என்பது. துக்கமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும், எழுப்புவதற்கு முன்னால் இயேசு கண்ணீர் விட்டார்.

சங்கீதங்கள் 150. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலும்தான். எவ்வளவு நாள், ஏன் என்னைக் கைவிட்டீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கடவுளை நேருக்கு நேர் கேட்கிற பாட்டுகள். பெரும்பாலானவை கடைசியில் துதியில் போய் முடியும். 88ஆம் சங்கீதம் அப்படியும் முடிவதில்லை, இருட்டைச் சொல்லி நின்றுவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் விசுவாசம் பத்தாத பாட்டு என்று கிழித்துப் போடவில்லை, ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே வைத்தார்கள். சிலுவையில் இயேசு கேட்ட கேள்வியும் அந்தப் புத்தகத்திலிருந்து வந்ததுதான். தமிழ்க் கத்தோலிக்கருக்கும் இது தெரிந்தே இருந்தது. இலங்கையில் பணி செய்த ஜாகோமே கொன்சால்வேஸ் சுவாமியார் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ராகம் போட்டு வாசித்து ஊரே அழும். அப்படி அழுத ஊர்களில் விசுவாசம் செத்துப்போகவில்லை.

யோபுவின் சிநேகிதர் மூவரை நாம் எப்போதும் திட்டுகிறோம். எலிப்பாஸும் பில்தாத்தும் சோப்பாரும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வந்ததும் ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கடவுள் யாரைக் கடிந்துகொண்டார் தெரியுமா? தன்னோடு சண்டை போட்ட யோபுவை அல்ல, தனக்காக வக்காலத்து வாங்கிய அந்தச் சிநேகிதரை. அவர்களுக்காக யோபுவே வேண்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

இனி நீங்கள் கேட்கலாம்: காரணமும் சொல்லக் கூடாது, அழாதே என்றும் சொல்லக் கூடாது, சுகம் நிச்சயம் என்றும் சொல்லக் கூடாது. பிறகு என்ன நம்பிக்கையைக் கொடுக்கப் போகிறோம்?

நியாயமான கேள்வி. எரேமியாவின் புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. பாபிலோன்காரன் எருசலேமை ஒருமுறை கொள்ளையிட்டு ஒரு கூட்டத்தைச் சிறைபிடித்துப் போன சமயம். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று முழங்கினான். ஜனங்களுக்கு அது இனித்திருக்கும். எரேமியா சிறைபட்டுப் போனவர்களுக்கு ஒரு மடல் எழுதினார். அதுவும் ஒரு திறந்த மடல்தான். எழுபது வருஷம் ஆகும், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற அந்த ஊர் நன்றாக இருக்க ஜெபியுங்கள் என்று அதில் எழுதினார். இனித்துப் பேசிய அனனியாவைப் பொய்த் தீர்க்கதரிசி என்றும், கசந்து பேசிய எரேமியாவை உண்மையானவர் என்றும் வேதம் சொல்கிறது.

அதே எரேமியா, பின்னால் பாபிலோன் படை நகரத்தை முற்றுகையிட்டிருந்தபோது, சிதேக்கியா ராஜாவின் காவல் முற்றத்தில் அடைபட்டிருந்தார். நகரம் விழும் என்று சொன்னதற்காகத்தான் அந்தக் காவலே. அந்த நேரத்தில் அவருடைய பெரியப்பன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள், உனக்குத்தான் பாத்தியம் என்கிறான். எதிரி முகாம் போட்டிருக்கிற பூமி. எந்தப் புரோக்கரும் திரும்பிப் பார்க்க மாட்டான். எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார், பத்திரம் எழுதினார், சாட்சிகளைக் கையெழுத்துப் போட வைத்தார், முத்திரை போட்ட படி ஒன்று, திறந்த படி ஒன்று என்று இரண்டையும் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் தோட்டமும் வாங்குவார்கள் என்பதற்கு அது அடையாளம்.

கிரயம், பட்டா, வில்லங்கம் என்று நாளெல்லாம் பேசுகிற நம் பகுதிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் எடுத்தபோது, மாற்றுக் குடியிருப்பு கொடுக்காமல் வெளியேற மாட்டோம் என்று பக்கத்துச் சின்ன உடைப்பு மக்கள் 2024 நவம்பரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மண்ணை விடுவது என்றால் என்ன என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எரேமியா எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நகரம் விழும் என்றார், விழுந்தது. ஆனாலும் கையில் இருந்த வெள்ளியைக் கொடுத்து வயல் வாங்கினார். நம்பிக்கை என்றால் இதுதான். நாளை பற்றிய ஜோசியம் சொல்வதில் அது இல்லை. இன்றைக்கு நம் கையிலிருந்து எதைக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

தாது வருஷப் பஞ்சத்தில் இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சுட்டெரித்த பஞ்சம் அது. நிவாரண வேலையில் நாளெல்லாம் மண் சுமக்கிற ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877இல் சர்க்கார் கூலியைக் குறைத்தது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கர், தமிழின் முதல் நாவலை எழுதியவர், தன் சொத்தைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார். அதைப் பார்த்து நெகிழ்ந்து அவரைப் பாடியவர் நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியார், சிவபக்தர். நம் மதுரையில் தாசி குலத்துக் குஞ்சரத்தம்மாள் தன் நகையையும் வீட்டையும் விற்றுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார் என்று இன்றும் சொல்கிறார்கள். பஞ்சத்திலும் அதன் பின்னும் மதுரைச் சீமையிலும் திருநெல்வேலிச் சீமையிலும் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சிக்கு வந்த கிறிஸ்தவர்கள் என்று நம் முன்னோரை அப்போதே கேலி செய்தவர்கள் உண்டு. அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பசித்தவன் கஞ்சி இருக்கிற இடத்துக்குத்தான் வருவான். வந்தவனிடம் உன் பாவம் என்ன என்று விசாரித்துவிட்டு அகப்பையை எடுத்திருந்தால், இன்று நம் கிராமத்துச் சபைகளில் பாதி இருக்காது.

கொரோனாக் காலத்தையும் நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் முதல் கொரோனாச் சாவு 2020 மார்ச் 25 அன்று நம் ராஜாஜி மருத்துவமனையில்தான் நடந்தது. குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, உயிர்ப்பு ஞாயிறு எல்லாம் பூட்டிய கதவுக்குப் பின்னால் போயின. அந்த ஏப்ரல் 19ஆம் தேதி சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். கிறிஸ்தவர். அவரைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கியது. குடும்பத்தார் உயிர் தப்ப ஓட வேண்டியதாயிற்று. உடன் பணியாற்றிய டாக்டர் பிரதீப் குமார், ஊழியர் இருவரைக் கூட்டிக்கொண்டு அந்த நள்ளிரவில் திரும்பிப் போய், மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். இறந்தவரைப் புதைக்கத் தடை செய்வது தண்டனைக்குரியது என்று சில நாட்களில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அன்று இரவு அங்கே பிரசங்கம் ஏதும் இல்லை. ஒரு மனிதனுக்குச் செய்ய வேண்டிய கடைசிக் கடமையை மூன்று பேர் செய்தார்கள்.

இயேசுவின் உயிர்த்தெழுதலும் அப்படித்தான் தெரியவந்தது. வாரத்தின் முதல் நாள் அதிகாலையில் கல்லறைக்குப் போன பெண்கள், அவர் உயிரோடு எழுந்திருப்பார் என்று எதிர்பார்த்துப் போகவில்லை. சுகந்தவர்க்கங்களை எடுத்துக்கொண்டு ஒரு பிரேதத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யப் போனார்கள். வழியில் அவர்களுக்கு இருந்த கவலை, வாசல் கல்லை யார் புரட்டித் தருவார் என்பதுதான். நல்ல செய்தி முதலில் கிடைத்தது அவர்களுக்கு. விசுவாசத்தைப் பற்றி நிறையப் பேசியிருந்த ஆண்கள் அன்றைக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். எழவு வீட்டுக்குப் போகிற உங்கள் வேலை எவ்வளவு பெரியது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜெபத்தைத் தொடங்குமுன் மாத்திரை சாப்பிட்டாச்சா, ஊசி போட்டாச்சா என்று கேளுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் அங்கேயே மறுத்துப் பேசுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு அலையவும், பெரியாஸ்பத்திரியில் சீட்டுப் போட்டு வரிசையில் நிற்கவும் ஓர் ஆளை உங்கள் குழுவில் நியமியுங்கள். அதுவும் ஊழியம்தான்.

துக்க வீட்டில் முதலில் உட்காருங்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள், அழுதால் அழ விடுங்கள். காரணம் சொல்லாதீர்கள். கனவில் கண்டேன், தரிசனத்தில் கண்டேன் என்று அந்த வீட்டாரின் அந்தரங்கத்தைக் கிளறாதீர்கள்.

அடக்கம் முடிந்ததும் விட்டுவிடாதீர்கள். ஆள் போன இரண்டாம் வாரமே குழுக் கடன் தவணைக்கு ஆள் வாசலில் வந்து நிற்கிறார். அந்த வாரத் தவணையை ஜெபக்குழு சேர்ந்து கட்டினால், அதைவிட நல்ல ஆறுதல் வசனம் கிடையாது. நாற்பதாம் நாள் போங்கள், முதல் கிறிஸ்துமஸுக்கும் போங்கள். கேரல் பாடப் போகும்போது, பாடலாமா என்று அந்த வீட்டில் கேட்டுவிட்டுப் பாடுங்கள்.

ஆயர்களுக்கும் ஃபாதர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது முறையீட்டுச் சங்கீதம் ஒன்றைச் சபையில் முழுதாக வாசியுங்கள். சாட்சி நேரத்தில், கேட்டது கிடைத்தவர்களோடு, கேட்டும் கிடைக்காமல் இன்னும் கோவிலுக்கு வந்துகொண்டிருப்பவர்களுக்கும் மைக்கைக் கொடுங்கள். அவர்களுடைய சாட்சி சின்னதாக இருக்கும். ஆனால் கஷ்டத்தில் இருக்கிறவனுக்கு அதுதான் உதவும்.

அன்பானவர்களே, எனக்கு ஏன் இப்படி நடந்தது என்று உங்களிடம் யாராவது கேட்டால், எனக்குத் தெரியவில்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். அப்படிச் சொல்வது அவிசுவாசம் ஆகாது. சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் அதே வீட்டுக்குப் போங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபைச் சகோதரன் ஒருவன்,
அவனியாபுரம்.